ஒன்பதாம் மாத ஊசி

தமிழ்நாட்டில் குழந்தை பிறந்தவுடனே பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ்-பி ஊசி ஆகிய மூன்றும் கொடுத்துவிடுகிறார்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று பென்டா ஊசி அடுத்தடுத்து வருகிறது. அதற்குப் பிறகு தடுப்பூசி அட்டையில் ஐந்து மாதத்துக்கும் மேல் நீளும் ஓர் இடைவெளி. ஒன்பது மாதம் முடிந்தபின் ஒரு புதன்கிழமையில்தான் குழந்தையின் வலது மேற்கையில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடப்படுகிறது.

தட்டம்மைக் கிருமி இந்த அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. ஆறு மாதக் குழந்தையையும் அது தாக்கும். அப்படியிருக்க, ஊசி மட்டும் ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கிறது? அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? மருத்துவ வரலாற்றில் இந்த எண்ணுக்காக நடந்த ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரிய வெற்றிகள் உண்டு. நல்ல நோக்கத்தோடு எடுத்த ஒரு முடிவால் பறிபோன பெண் குழந்தைகளின் உயிர்களும் உண்டு.

கிராமங்களில் மணல்வாரி என்றும் இலங்கைத் தமிழரிடையே சின்னமுத்து என்றும் வழங்கும் இந்த நோய் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள் என்று தொடங்கும். சில நாள் கழித்துக் காதோரத்திலும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்புகள் தோன்றி உடம்பெங்கும் இறங்கும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோயாளி கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அவர் எழுந்து போன அறையின் காற்றில்கூட வைரஸ் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். எதிர்ப்பு சக்தியே இல்லாத மக்கள் நடுவில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். மனிதரிடையே இவ்வளவு வேகமாகப் பரவும் நோய்கள் மிகச் சில. குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் இதைத் தொடர்ந்து வரும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளையழற்சி ஆகியவை. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

பிழைத்த குழந்தைக்கும் ஒரு பயம் பாக்கியிருக்கிறது. மூளைக்குள் பதுங்கிவிடும் வைரஸ், பல ஆண்டுகள் கழித்து எஸ்.எஸ்.பி.இ. என்ற நோயாக வெளிப்படலாம். பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு மறதி வரும், கைகால் வெட்டி இழுக்கும், கடைசியில் மரணம் வரும். இதைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. இது லட்சத்தில் சிலருக்கு வரும் அபூர்வ நோய் என்றே நெடுநாள் நம்பப்பட்டது. கலிபோர்னியாவில் 1988-91 தட்டம்மைப் பரவலுக்குப் பின் கணக்கெடுத்தபோது, ஒரு வயது நிரம்பும் முன் தட்டம்மை கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 609 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இது வந்திருந்தது. எந்த வயதில் ஊசி இல்லையோ அந்த வயதில்தான் இந்த ஆபத்து அதிகம்.

கதையின் முதல் முடிச்சு 1846இல் விழுந்தது. வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த ஃபாரோ தீவுகளுக்கு, கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் வழியாகத் தட்டம்மை புகுந்தது. அங்கே இருந்த ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் சில மாதங்களில் படுத்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நிலைமையை ஆராய டென்மார்க் அரசு அனுப்பிய இருவரில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும் என்ற 25 வயது மருத்துவர். படகில் தீவு தீவாகப் போனார். ஊர் ஊராக விசாரித்து, யார் எந்த நாளில் யாரைச் சந்தித்தார், தடிப்பு எந்த நாளில் வந்தது என்று எழுதிவைத்தார். கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தொற்றிய பதின்மூன்று பதினான்கு நாளில் தடிப்பு வரும் என்பதை அவர் கண்டுபிடித்தார். இன்றைய பாடநூல்களும் அதையேதான் சொல்கின்றன.

அங்கே இதற்குமுன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது நோய் கண்டு பிழைத்து, 65 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்த முதியவர்களை பானும் தேடித் தேடி விசாரித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி நோய் வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கிருமி தீவுக்கு வந்ததே இல்லை. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு என்பது இப்படித்தான் ஆதாரத்தோடு நிலைநாட்டப்பட்டது. ஆய்வுக்கூடம் இல்லாமல், கால்நடையாகவும் படகிலும் அலைந்து ஒருவர் செய்த இந்த வேலையைப் போல நேர்த்தியான கள ஆய்வு மருத்துவத்தில் அரிது என்பேன்.

அந்தப் பாதுகாப்பைத் தாய் தன் குழந்தைக்கும் கொடுக்கிறாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக அவளுடைய எதிர்ப்பொருள்கள் சிசுவின் ரத்தத்தில் ஏறுகின்றன. பிறந்த சில மாதங்களுக்கு அவை குழந்தையைக் காக்கும். பிறகு மெல்லக் கரைந்துபோகும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். உடம்புக்குள் சென்று சிறிது பெருகினால்தான் அது எதிர்ப்பு சக்தியைத் தூண்டும். தாய் தந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் மீதமிருந்தால், நோய்க் கிருமியை அடிப்பதுபோலவே ஊசியில் உள்ள கிருமியையும் அது அடித்துவிடும். ஊசி வீணாகும். முன்கூட்டிப் போட்டால் பலிக்காது, தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வயதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தடுப்பூசிக்கான வைரஸ் 1954இல் கிடைத்தது. பாஸ்டன் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியபோது, ஜான் எண்டர்ஸின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் பீபிள்ஸ் அங்கே போய் மாணவர்களிடம் தொண்டைச் சளியும் ரத்தமும் சேகரித்தார். டேவிட் எட்மன்ஸ்டன் என்ற சிறுவனின் மாதிரியில் வைரஸ் வளர்ந்தது. எண்டர்ஸும் சாமுவேல் காட்ஸும் அதை மனிதச் செல்களிலும் பிறகு கோழிக் கருச் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். 1963இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தொடக்கத்தில் இந்த ஊசி கடும் காய்ச்சலைக் கொடுத்தது. 1968இல் மாரிஸ் ஹில்மன் அதை இன்னும் மென்மையாக்கினார். இந்தியாவில் இன்று பரவலாகப் போடப்படும் எட்மன்ஸ்டன்-ஸாக்ரெப் வகையும் அந்தச் சிறுவனின் மாதிரியிலிருந்து கிளைத்ததுதான்.

1963இல் அமெரிக்கா பரிந்துரைத்த வயதும் ஒன்பது மாதமே. ஊசி போட்டும் பலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் 1965இல் அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள்; 1976இல் பதினைந்து மாதமாக்கினார்கள். அவர்களால் காத்திருக்க முடிந்தது. அங்கே அதற்குள் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. கைக்குழந்தைக்குத் தட்டம்மை வரும் வாய்ப்பும் சிறிது.

மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வசதி இல்லை. நைஜீரியாவின் இமெசி என்ற ஊரில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், தட்டம்மை கண்ட குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்து, எண்டர்ஸின் ஊசியைக் கேட்டு வாங்கினார். 1960 வாக்கில் காட்ஸே அங்கு போய்ச் சோதனையில் கலந்துகொண்டார். ஆப்பிரிக்காவில் ஒரு வயது நிரம்பும் முன்பே நோய் வரும் குழந்தைகள் ஏராளம். எழுபதுகளில் கென்யாவின் மச்சாகோஸ் பகுதியில் உலக சுகாதார நிறுவனமும் கென்ய சுகாதார அமைச்சகமும் சேர்ந்து, எந்த மாதத்தில் தாயின் எதிர்ப்பொருள் எவ்வளவு குறைகிறது, எந்த மாதத்தில் போட்ட ஊசி எத்தனை பேருக்குப் பிடிக்கிறது, எந்த மாதத்தில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்று கணக்கிட்டன. இத்தகைய ஆய்வுகளின் பலனாக வளரும் நாடுகளுக்கு ஒன்பது மாதம் என்று முடிவாயிற்று. அந்த வயதில் போட்டால் நூற்றுக்கு 85 குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். பன்னிரண்டு மாதத்தில் போட்டால் 95. பத்துப் பேரைத் தெரிந்தே விட்டுக்கொடுத்து, மூன்று மாதம் முன்னதாக மற்றவர்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. ஒன்பது என்பது உடற்கூறு தானாக விதித்த எல்லை அல்ல என்பது இங்கே தெளிவாகிறது. ஓர் ஊரில் நோய் எவ்வளவு பரவுகிறது என்பதைப் பொறுத்து மனிதர்கள் போட்ட கணக்கு இது.

அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. நெரிசலான நகரங்களில் ஆறு, ஏழு, எட்டு மாதக் குழந்தைகள் தொடர்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். ஊசியில் உள்ள வைரஸின் அளவைப் பல மடங்கு கூட்டினால் தாயின் எதிர்ப்பொருளையும் மீறி அது பிடித்துக்கொள்ளாதா என்று ஆராய்ந்தார்கள். காம்பியாவிலும் வேறு நாடுகளிலும் செய்த சோதனைகளில் எட்மன்ஸ்டன்-ஸாக்ரெப் வகை அப்படியே பிடித்தது. ரத்தப் பரிசோதனைகள் நம்பிக்கை தந்தன. 1989இல் உலக சுகாதார நிறுவனம், ஒன்பது மாதத்துக்கு முன்பே தட்டம்மையால் குழந்தைகள் அதிகம் இறக்கும் நாடுகளில் இந்த வீரிய ஊசியை ஆறாம் மாதத்தில் போடலாம் என்று பரிந்துரைத்தது.

செனகலின் நியாகாரிலும் கினி-பிசாவிலும் ஆய்வாளர்கள் ஊசி போட்டதோடு நிறுத்தவில்லை. வீடு வீடாகப் பெயர் எழுதி, எந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது, எது இறந்தது என்று ஆண்டுக் கணக்கில் பதிவு செய்துவந்தார்கள். அந்தப் பதிவேட்டில் யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வீரிய ஊசி பெற்ற பெண் குழந்தைகள், வழக்கமான ஊசி பெற்ற பெண் குழந்தைகளைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். தட்டம்மையால் அல்ல, வேறு நோய்களால். ஆண் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை. ஹெய்ட்டியிலும் இதே போக்கு தென்பட்டது. 1992இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. காரணம் என்ன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கினி-பிசாவில் பணியாற்றிய டென்மார்க் ஆய்வாளர் பீட்டர் ஆபி, வீரிய ஊசிக்குப் பின் வேறு தடுப்பூசிகள் போடப்பட்ட வரிசையில் காரணம் இருக்கலாம் என்று வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை.

இந்த நிகழ்வைத் தடுப்பூசிக்கு எதிரான சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். எதிர்ப்பொருள் ஏறிவிட்டதா என்று பார்ப்பது எளிது. குழந்தை மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது கடினம். கடினமான அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்ததால்தான் தவறு மூன்றே ஆண்டில் பிடிபட்டது. நாம் இன்று போடும் வழக்கமான அளவு ஊசி, அதே கடுமையான கண்காணிப்பில் தேறி நிற்பது. அமெரிக்காவில் இதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சோதனையில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த பெற்றோரிடம் அந்த வீரிய ஊசி இன்னும் சோதனை நிலையில் உள்ளது என்று சொல்லாமலே போட்டிருந்தார்கள். 1996இல் அரசே அதை ஒப்புக்கொண்டது. மன்னிக்க முடியாத பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான்.

தட்டம்மை ஏன் இத்தனை பாடுபட்டுத் தடுக்க வேண்டிய நோய் என்பதற்கு அண்மை ஆய்வுகள் இன்னொரு காரணத்தையும் தருகின்றன. 1908இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே ஒன்றைக் கவனித்தார். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் தடிப்பு காட்டிய குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்ததும், சில நாட்களுக்கு அந்தப் பரிசோதனை எதுவும் காட்டவில்லை. உடம்பு பழைய பகையை மறந்துவிட்டாற்போல இருந்தது. நூறாண்டுக்குப் பின் அதன் பொருள் விளங்கிற்று. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் வெள்ளை அணுக்களையே தட்டம்மை வைரஸ் தேடிப் புகுந்து அழிக்கிறது. நெதர்லாந்தில் மதநம்பிக்கை காரணமாக ஊசி போட்டுக்கொள்ளாத சமூகத்தில் 2013இல் நோய் பரவியபோது, 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்துவைத்தார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி, வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. மைக்கேல் மினாவும் சகாக்களும் 2015இலேயே பல நாட்டு இறப்புக் கணக்குகளை வைத்து, தட்டம்மைக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை பிற தொற்றுகளால் குழந்தைகள் கூடுதலாக இறப்பதைக் காட்டியிருந்தார்கள். மணல்வாரி வந்து போன பிள்ளை அந்த வருஷம் முழுக்க ஏதாவது சீக்கில் விழுந்துகொண்டே இருக்கும் என்பது தாய்மார்களுக்குப் புதிய செய்தியாக இராது.

மறுபடி எண்ணுக்கு வருகிறேன். நூறு குழந்தைகளில் 90 பேருக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டால், பாதுகாப்பு பெறுவோர் 76 அல்லது 77. நூறு பேருக்கும் போட்டால்கூட 85. நோய் பரவாமல் நிற்க ஏறத்தாழ 95 பேருக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். ஒரே ஊசியால் அந்த இலக்கை எட்ட வழியே இல்லை. இரண்டாவது ஊசி முதல் ஊசிக்குப் பலம் சேர்ப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஊசி பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்பதே அதன் முதன்மையான வேலை. 1985இல் தேசியத் திட்டத்தில் தட்டம்மை ஊசியைச் சேர்த்த இந்தியா, இரண்டாவது ஊசியை 2010இல்தான் கொண்டுவந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா முகாம் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் போட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பின்வாங்கினார்கள். தட்டம்மைக்கான மருந்தும் அடங்கிய எம்.எம்.ஆர். ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு அப்படித் தொடர்பே இல்லை என்று 2019இல் காட்டியது. அதற்குமேல் அந்த வதந்திக்கு இடம் தர வேண்டியதில்லை.

அதைவிட அமைதியாக நடக்கும் ஓர் இழப்பு சுகாதார நிலையத்தின் மேசைமேல் இருக்கிறது. தட்டம்மை மருந்து உலர்ந்த தூளாக, பல குழந்தைகளுக்கான அளவில், ஒரே குப்பியில் வருகிறது. குளிர்ந்த நீர்மத்தைச் சேர்த்துக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். பென்டா குப்பியைப் போல அடுத்த முகாமுக்கு எடுத்துவைக்க முடியாது. மதியம் ஒரே ஒரு குழந்தையோடு தாய் வந்து நிற்கும்போது, மருந்து வீணாகுமே என்று செவிலியர் தயங்குகிறார். அடுத்த புதன் வாருங்கள் என்கிறார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாய் அடுத்த புதன் வராமல் போகலாம். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தச் சிக்கலையே இல்லாமலாக்க, தோலில் ஒட்டும் நுண்ணூசிப் பட்டை வடிவத்தில் இதே மருந்தைக் காம்பியாவில் சோதித்தார்கள். வழக்கமான ஊசிக்கு இணையான பலன் கிடைத்தது என்று 2024இல் முடிவு வெளியானது. ஒரு குழந்தைக்கு ஒரு பட்டை. கலக்க வேண்டியதும் கொட்ட வேண்டியதும் இல்லை.

ஒன்பதை மாற்றிப் பார்த்த நாட்டின் அனுபவம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. இலங்கை 1984 முதல் ஒன்பதாம் மாதத்தில் ஊசி போட்டு நோயை வெகுவாக அடக்கியது. 2011இல் எம்.எம்.ஆர். ஊசிக்கு மாறியபோது முதல் ஊசியைப் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளினார்கள். அமெரிக்கா செய்த அதே நியாயமான கணக்கு. ஆனால் 2013இல் நோய் பெரிதாகப் பரவியது. ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் அதில் ஏராளமாகச் சிக்கினார்கள். 2015இல் ஊசி மறுபடி ஒன்பதாம் மாதத்துக்கே வந்தது. 2019இல் தட்டம்மையை ஒழித்த நாடு என்ற சான்றும் இலங்கைக்குக் கிடைத்தது.

அங்கே நடந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. அது இனி எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். நோய் கண்டு தேறிய தாயின் எதிர்ப்பொருள் அளவு அதிகம். ஊசியால் பாதுகாப்பு பெற்ற தாயின் அளவு குறைவு. அவள் குழந்தைக்குக் கொடுப்பதும் குறைவு. பெல்ஜியத்தில் 2010இல் வெளியான ஆய்வில், முதல் வகைத் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தாய்வழிப் பாதுகாப்பு நான்கு மாதத்தை நெருங்கியது. இரண்டாம் வகையினருக்கு ஒரு மாதம்தான். கென்யாவில் கணக்குப் போட்ட காலத்துத் தாய்மார்கள் ஏறத்தாழ எல்லோருமே நோய் கண்டவர்கள். இன்று சென்னையிலோ கொழும்பிலோ பிரசவிக்கும் பெண்களில் பலர் ஊசித் தலைமுறை. தடுப்பூசியின் வெற்றியே கைக்குழந்தையின் பாதுகாப்பற்ற மாதங்களை நீட்டியிருக்கிறது.

அப்படியானால் ஆறாம் மாதத்துக்கே நகர்த்திவிடலாமே என்று தோன்றும். இங்கும் அவசரப்பட முடியாது. நெதர்லாந்தின் 2013 பரவலின்போது முன்கூட்டி ஊசி பெற்ற குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மிகச் சிறு வயதில் போட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே உண்டாகி, விரைவில் தேய்ந்ததும் தெரிந்தது. எனவே பல நாடுகள் நோய் பரவும் வேளையில் மட்டும் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குக் கூடுதல் ஊசி போடுகின்றன. மும்பையில் 2022இல் தட்டம்மையால் குழந்தைகள் இறந்தபோது, பாதிக்கப்பட்டோரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒன்பது மாதத்துக்கு உட்பட்டவர்களாக உள்ள பகுதிகளில் இப்படிச் செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. இலங்கையில் 2023இல் நோய் திரும்பியபோது, 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம், கல்முனை உட்பட ஒன்பது சுகாதார மாவட்டங்களில் ஆறு மாதம் முடிந்து ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளை ஊசிக்கு அழைத்தார்கள். அந்த ஊசி அட்டவணைக் கணக்கில் சேராது. அதைப் போட்டுக்கொண்ட குழந்தையையும் ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை, மூன்று வயதில் ஒருமுறை தூக்கிக்கொண்டு வரவேண்டும்.